உரிமை முகாமைத்துவச் சோதனைச் சேவையகம்: நான்கு கணினிகளில் ஒன்று மட்டுமே இணைகிறது

கேள்வி
எழுதியவர்: கிளிநொச்சி கணினிப்பிரிவு

வணக்கம் உறவுகளே.

கிளிநொச்சியில் இயங்கும் ஒரு சமூக சேவை நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு நான் ஒருத்தியே பொறுப்பாக இருக்கிறேன். மீள்குடியேறிய குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரப் பிரதிகளும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் எம்மை நம்பித் தந்த வாக்குமூலங்களும், உதவி பெறும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விபரங்களும் வேர்ட், எக்செல் கோப்புகளாக எமது கணினிகளில் இருக்கின்றன. இடப்பெயர்வு முழுவதும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து என் அம்மா காத்து வந்த காணி அனுமதிப்பத்திரத்தை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்படிக் காக்கப்பட்ட தாள்களின் பிரதியை யாரும் எவருக்கும் ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிடக்கூடிய நிலையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் எமது முகாமைத்துவக் குழுவும் இதைப் பற்றித் தீவிரமாகக் கதைக்கத் தொடங்கி, மைக்ரோசொப்டின் அக்டிவ் டிரெக்டரி உரிமை முகாமைத்துவச் சேவையை (ஒரு கோப்பை யார் திறக்கலாம், திருத்தலாம், அச்சிடலாம் என்று கட்டுப்படுத்தும் சேவை) முதலில் பரீட்சித்துப் பார்க்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டது.

விண்டோஸ் சேர்வர் 2016 உள்ள ஒரு தனிக் கணினியில் அந்தச் சேவையை நிறுவிவிட்டேன். அலுவலகப் பயனர்கள், கணினிகளின் பதிவேடான அக்டிவ் டிரெக்டரியை வைத்திருக்கும் டொமைன் கொன்ட்ரோலர் வேறு கணினி. நிறுவும்போது சேவை இணைப்புப் புள்ளியை (சேவையகம் எங்கே என்று கணினிகளுக்குக் காட்டும் பதிவு) அக்டிவ் டிரெக்டரியில் இப்போதே பதிவதா, பின்னர் பதிவதா என்று கேட்டது; எமது 23 கணினிகளும் சோதனைச் சேவையகத்தைத் தேடிவந்துவிடக் கூடாது என்பதற்காகப் ‘பின்னர்’ என்பதைத் தெரிவு செய்தேன். நான்கு கணினிகளை மட்டும் ரெஜிஸ்ட்ரி (விண்டோசின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) வழியாகச் சேவையகத்துக்குக் காட்டிக்கொடுக்க முயன்றதில் கிடைத்த விளைவுகள் இவை.

எனது கணினி (விண்டோஸ் 10, 64 பிட் ஒபிஸ் 2016) இணைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கணக்குப் பகுதிக் கணினியில் அதே விண்டோஸ் 10 இருந்தும், அதே சாவிகளை (ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளை) இட்டும், சேவையகம் இருப்பதாகவே வேர்ட் உணரவில்லை. காணிப் பகுதியில் உள்ள பழைய விண்டோஸ் 7 கணினியிலும் (32 பிட், ஒபிஸ் 2010) அதே நிலைதான். முல்லைத்தீவு உப அலுவலகத்தின் மடிக்கணினி விபிஎன் (இணையம் வழியான பாதுகாப்பான இணைப்பு) ஊடாகச் சேவையகத்தை அடைகிறது என்பது உறுதி, ஆயினும் சான்றிதழ் பிழை என்று கூறி நின்றுவிடுகிறது. சேவையகத்தின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் எஸ்எஸ்எல் சான்றிதழ் நானே உருவாக்கியது. நான்கு கணினிகளிலும் அதை நம்பகமான மூலச் சான்றிதழ்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

சேவை இணைப்புப் புள்ளியைப் பதிந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று ஒருவர் கூறினார். அப்படிச் செய்யலாமா?


மறுமொழி 1
எழுதியவர்: வவுனியா வலையமைப்பு

சகோதரி, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் கூறுகிறேன்: பதிய வேண்டாம். ஒரு ஃபொரஸ்ட் (ஒரே அக்டிவ் டிரெக்டரியின் கீழ் வரும் டொமைன்களின் தொகுதி) முழுவதற்கும் சேவை இணைப்புப் புள்ளி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அதைப் பதிந்த கணத்திலிருந்து, டொமைனில் உள்ள எந்தக் கணினியில் யார் ஒரு கோப்பைப் பாதுகாக்க முனைந்தாலும் அந்தக் கணினி உங்கள் சோதனைச் சேவையகத்திடமே போய்ச் சேரும். விபரம் அறியாத ஒரு பணியாளர் உண்மையான வாக்குமூலம் ஒன்றை அப்படிப் பூட்டிவிட்டார் என்றால், பிறகு நீங்கள் அந்தச் சேவையகத்தை அழிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவிப்பீர்கள். மேலும், பதிந்தாலும் உங்கள் சிக்கல்களில் இரண்டு அப்படியே இருக்கும். பயனர் கணினி முதலில் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாதபோதுதான் அக்டிவ் டிரெக்டரியைக் கேட்கிறது என்பதால், நான்கு கணினிகளை மட்டும் கையால் காட்டிக்கொடுக்கும் உங்கள் வழியே சரியானது. அதில் எந்தக் கணினிக்கு எந்தச் சாவி என்பதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது.

ரெஜிஸ்ட்ரிச் சாவிகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் இடும்போது ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் இடுங்கள்.

இதில் இரண்டு தலைமுறைப் பயனர் மென்பொருள்கள் உள்ளன. பழையதன் பெயர் எம்எஸ்டிஆர்எம். அது விஸ்டா காலத்திலிருந்து விண்டோசுடனேயே வருகிறது, ஒபிஸ் 2007உம் 2010உம் அதையே பயன்படுத்துகின்றன. புதியதன் பெயர் எம்எஸ்ஐபிசி; ஒபிஸ் 2013இலிருந்து வந்த பதிப்புகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஒன்றுக்கு எழுதிய சாவியை மற்றையது திரும்பியும் பார்க்காது. நீங்கள் நான்கு கணினிகளிலும் ஒரே சாவிகளை இட்டதாக எழுதியிருப்பதைப் பார்த்தால், எம்எஸ்ஐபிசிக்கு உரியவற்றை விண்டோஸ் 7 கணினியிலும் இட்டிருக்கிறீர்கள் என்றே கருதுகிறேன்.

புதியதற்கு: எச்கேஎல்எம் (ரெஜிஸ்ட்ரியில் கணினி முழுவதற்குமான பகுதி), சொப்ட்வெயார், மைக்ரோசொப்ட், எம்எஸ்ஐபிசி, சேர்விஸ்லொக்கேஷன் என்று கீழிறங்கி, அதற்குள் என்டர்பிரைஸ்சேர்ட்டிபிகேஷன், என்டர்பிரைஸ்பப்ளிஷிங் என்று இரண்டு உட்சாவிகளை உருவாக்க வேண்டும். புதிய பெயர் எதுவும் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே உள்ள டிபோல்ட் பெறுமதியிலேயே முகவரியை எழுத வேண்டும். முதலாவதில் சேவையகத்தின் எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் பின்னால் அடிக்கோட்டுடன் தொடங்கும் டபிள்யூஎம்சிஎஸ், பின்னர் சாய்கோடு, பின்னர் சேர்ட்டிபிகேஷன் என்று வரும். இரண்டாவதில் இறுதிச் சொல் லைசென்சிங் என்று மாறும். பழையதற்கு: எம்எஸ்ஐபிசி இருந்த இடத்தில் எம்எஸ்டிஆர்எம் என்றும், முதல் உட்சாவியின் பெயர் அக்டிவேஷன் என்றும் வரும்; இரண்டாவது உட்சாவியின் பெயரும் இரண்டு முகவரிகளும் மாறா.

கணக்குப் பகுதிக் கணினி பற்றி என் ஊகம்: அங்கே 64 பிட் விண்டோசின் மேல் 32 பிட் ஒபிஸ் இருக்கும். வேர்டில் கணக்குப் பக்கத்துக்குப் போய் ‘எபவுட் வேர்ட்’ என்பதை அழுத்தினால் மேல்வரியிலேயே அது தெரியும். அப்படியானால் சொப்ட்வெயார் என்ற சாவிக்கும் மைக்ரோசொப்ட் என்ற சாவிக்கும் இடையில் வாவ்6432நோட் என்ற சாவி வர வேண்டும். 32 பிட் செயலிகளுக்கு விண்டோஸ் காட்டுவது அந்த அறையை மட்டுந்தான். நான் இரண்டு இடங்களிலும் எழுதிவிடுவேன். பின்னாளில் யாராவது ஒபிசை மாற்றி நிறுவினாலும் தொல்லை இராது.

உங்கள் கணினி கடவுச்சொல் கேட்பது வேறு காரணத்தால். முகவரியில் புள்ளிகள் இருந்தால் விண்டோஸ் அதை வெளி இணையத்தைச் சேர்ந்த தளமாகக் கருதி, நீங்கள் ஏற்கெனவே டொமைனில் நுழைந்திருக்கும் அடையாளத்தைத் தானாக அனுப்ப மறுக்கும். ‘இன்டர்நெட் ஒப்ஷன்ஸ்’ பகுதியில் ‘லொகல் இன்ட்ராநெட்’ வலயத்துக்குள் சேவையகத்தின் முழு முகவரியையும் சேருங்கள். நான்கு கணினி என்றால் கையால் செய்யலாம். பின்னர் 23க்கும் செய்யும்போது குறூப் பொலிசியில் (டொமைன் கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் வசதி) தளங்களை வலயங்களுக்கு ஒதுக்கும் பட்டியலில் அந்த முகவரிக்கு 1 என்ற பெறுமதியைக் கொடுத்தால் போதும். சரிபார்ப்பதற்கு வேர்டைத் திறக்க வேண்டியதில்லை. அந்தப் பயனராக நுழைந்து, உலாவியில் சேர்ட்டிபிகேஷன் முகவரியின் பின்னால் மறுபடியும் சேர்ட்டிபிகேஷன் என்ற சொல்லை ஏஎஸ்எம்எக்ஸ் என்ற பின்னொட்டோடு சேர்த்துத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேளாமலும் சான்றிதழ் எச்சரிக்கை காட்டாமலும் சேவைப் பக்கம் தோன்றினால், வலயமும் சான்றிதழும் சரி. இந்தப் பக்கம் சரிவரத் திறக்காத கணினியில் ஒபிசோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

எஸ்எஸ்எல் சான்றிதழில் உள்ள பெயரும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம்பகப் பட்டியலில் சேர்த்தது பெயர் முரண்பாட்டைத் தீர்க்காது.

விண்டோஸ் 7 குறித்து இன்னொன்று. நிறுவும்போது கிரிப்டோகிராபிக் மோட் 2 என்பதைத் தெரிவு செய்திருந்தால் (வலுவான மறைகுறியாக்க முறை: 2048 பிட் ஆர்எஸ்ஏ, எஸ்எச்ஏ-256) அதைப் புரிந்துகொள்ள அந்தக் கணினிக்குத் தனியான மேம்படுத்தல் ஒன்று தேவை. ஆனால் விண்டோஸ் 7க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், ஒபிஸ் 2010க்கானது அதே ஆண்டு ஒக்டோபர் 13இலும் முடிந்துவிட்டன. வாக்குமூலங்களைக் காப்பதற்காகச் செய்யும் வேலையில் அந்தக் கணினியை வைத்திருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்காக மோட் 1க்கு இறங்கிப் போகாதீர்கள்.


மறுமொழி 2
எழுதியவர்: மாங்குளம் சந்தி

முல்லைத்தீவு மடிக்கணினியைப் பற்றி மட்டும் கூறுகிறேன், ஏனெனில் இதே சிக்கலை மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் பலமுறை கண்டிருக்கிறேன். அதன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தை மட்டுமல்லாமல் திகதியையும் ஆண்டையும் பாருங்கள். எமது பக்கத்து உப அலுவலகங்களுக்கு வந்து சேரும் கணினிகளில் பல, பிற இடங்களில் பாவித்து முடித்த பின் வருபவை. மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பற்றரி செத்திருக்கும். மின்சாரம் போய்வந்தால் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி டொமைன் கொன்ட்ரோலரிடமிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். விபிஎன் இணைப்பதற்கு முன்பே சேமித்து வைத்த அடையாளத்தோடு பயனர் உள்ளே நுழைந்துவிடும் கணினிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

திகதி பின்தங்கினால் நீங்கள் உருவாக்கிய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று அந்தக் கணினி நினைக்கும். சான்றிதழ் பிழைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதைத் தாண்டினாலும், டொமைனில் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை 5 நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்காது. நேரத்தைக் கையால் திருத்துவதோடு விட்டுவிடாமல் பற்றரியையே மாற்றுங்கள். சிஆர்2032 பற்றரி மணிக்கூடு திருத்தும் கடையிலேயே கிடைக்கும், ஆனால் மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் வயருடன் வருவதால் கழற்றி அளவு பார்த்த பின் வாங்குங்கள்.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கிளிநொச்சி கணினிப்பிரிவு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்குப் பகுதியில் இருப்பது 32 பிட் ஒபிஸ்தான். வாவ்6432நோட்டின் கீழ் எழுதியதும் வேர்ட் சேவையகத்தைக் கண்டுகொண்டது. எனது கணினியும் இப்போது கடவுச்சொல் கேட்பதில்லை. முல்லைத்தீவுக் கணினி 2009ஆம் ஆண்டில் நின்றுகொண்டிருந்தது. பற்றரி மாற்றும்வரை தற்காலிகமாகத் திருத்தியதில் சேவைப் பக்கம் திறக்கிறது. விண்டோஸ் 7 கணினியைச் சோதனையிலிருந்து விலக்கி, புதியது வாங்குவதற்கான கோரிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் புதிதாக ஒன்று. முல்லைத்தீவில் இரண்டு பணியாளர்கள் ஒரே மடிக்கணினியை முறைவைத்துப் பாவிக்கிறார்கள். ஒருவருக்குக் கோப்பு திறக்கிறது, மற்றவருக்கு உரிமக் கோரிக்கையே தோல்வியடைகிறது. கணினி ஒன்று, சாவிகள் ஒன்று. பயனர் மட்டுந்தான் வேறு.


மறுமொழி 3
எழுதியவர்: அறிவியல் நகர் பழைய மாணவி

அக்கா, அந்த மற்றவருக்கு அக்டிவ் டிரெக்டரியில் மின்னஞ்சல் முகவரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உரிமை முகாமைத்துவச் சேவை ஒருவரை அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கிறது. அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் அவருக்குரிய உரிமைக் கணக்குச் சான்றிதழை வழங்காது. அந்த முகவரிக்கு உண்மையில் அஞ்சல் பெட்டி இருக்க வேண்டும் என்பதில்லை, கட்டத்தில் ஒரு முகவரி இருந்தால் போதும். ஆனால் ஆளுக்கொரு முகவரி வேண்டும். எமது பகுதி நிறுவனங்களில் ஓர் உப அலுவலகத்துக்கே ஒரு முகவரி என்று வைத்து எல்லோரும் அதைப் பாவிக்கும் வழக்கம் உண்டு. வாக்குமூலத்தை எடுத்தவர் மட்டுமே திறக்கலாம் என்று உரிமை கொடுக்கப்போகும் இடத்தில் அந்த வழக்கத்தை முற்றாக விட்டுவிட வேண்டும், அல்லாவிட்டால் உரிமையை எவருக்குக் கொடுக்கிறோம் என்பதே தெளிவாக இராது.

முகவரியை எழுதிய பின்பும் பழைய தோல்வியே தொடர்ந்தால், ஒபிசை முழுவதுமாக மூடிவிட்டு, அந்தப் பயனரின் லொகல் அப்டேட்டா கோப்புறைக்குள் மைக்ரோசொப்ட், எம்எஸ்ஐபிசி என்று போய் அங்குள்ளவற்றை அழியுங்கள். பழைய பயனர் மென்பொருளானால் அந்தக் கோப்புறையின் பெயர் டிஆர்எம். கணினிச் சான்றிதழ், கணக்குச் சான்றிதழ், பெற்ற உரிமங்கள் எல்லாம் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக அங்கேதான் சேர்கின்றன. அடுத்த முறை வேர்ட் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுப் பெறும். ரெஜிஸ்ட்ரியைத் திருத்திய ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாவிட்டால், திருத்தம் வேலை செய்கிறதா இல்லையா என்பதை உங்களால் அறியவே முடியாது. அதற்கும் மேல் விபரம் வேண்டுமென்றால், எச்கேஎல்எம் பகுதியில் எம்எஸ்ஐபிசி சாவியின் கீழ் டிரேஸ் என்ற பெயரில் டிவேர்ட் வகைப் பெறுமதியாக 1 கொடுங்கள். அதே பயனர் கோப்புறைக்குள் லொக்ஸ் என்ற இடத்தில் நிகழ்வுப் பதிவுகள் சேரும்.

வெளிக்களப் பணியைப் பற்றியும் சோதனைக் காலத்திலேயே யோசியுங்கள். ஒரு கோப்பை முதன்முறை திறக்கும்போது சேவையகத்தைத் தொட்டே ஆக வேண்டும். அப்போது கிடைக்கும் உரிமம் கணினியில் தங்கினால் அது காலாவதியாகும்வரை இணைப்பு இல்லாமலும் திறக்கலாம். உரிமை வார்ப்புருவில் (உரிமைகளை முன்கூட்டியே வரையறுத்து வைக்கும் மாதிரி) ஒவ்வொரு முறையும் புதிய உரிமம் பெற வேண்டும் என்று இறுக்கிவிட்டீர்கள் என்றால், சிக்னல் இல்லாத கிராமத்தில் ஒரு தாயின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பணியாளருக்கு அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தைத் திறக்க முடியாது. அதற்காக மிக நீண்ட காலத்தையும் கொடுக்க வேண்டாம், மடிக்கணினி களவு போகலாம். சில நாட்கள் என்று வைத்து, புறப்படும் காலையில் தேவையான கோப்புகளை அலுவலகத்தில் ஒருமுறை திறந்துவிட்டுப் போகப் பழக்குவது நல்லது.


மறுமொழி 4
எழுதியவர்: பரந்தன் வாசகர்

இவ்வளவு வேலைக்குப் பதிலாக வேர்டிலேயே கோப்புக்கு ஒரு கடவுச்சொல் போட்டுவிட்டால் என்ன?


மறுமொழி 5
எழுதியவர்: வவுனியா வலையமைப்பு

கடவுச்சொல்லைப் பெற்றவர் கோப்பின் முழு உரிமையாளராகிவிடுகிறார், ஐயா. அதை நகலெடுக்கலாம், அச்சிடலாம், கடவுச்சொல்லோடு சேர்த்து இன்னொருவருக்கு அனுப்பலாம், பின்னர் அதை நாம் திரும்பப் பெற வழியில்லை. இந்த முறையில் வாசிக்க மட்டும் ஒருவருக்கு, திருத்த இன்னொருவருக்கு, அச்சிட எவருக்கும் இல்லை என்று பிரிக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடியதும், கையிலுள்ள உரிமம் முடிந்த பின் அவருக்கு அந்தக் கோப்பு திறக்காது. திரையைக் கைத்தொலைபேசியால் படம் எடுப்பதை எந்தச் சேவையகமும் தடுக்காது என்பதையும் முகாமைத்துவக் குழுவிடம் நேர்மையாகக் கூறிவிடுங்கள்.

சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. நான் எழுதியவற்றில் இதுவே எனக்கு மிக முக்கியமானது. பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பினுள்ளும் அதைப் பாதுகாத்த சேவையகத்தின் முகவரி எழுதப்பட்டிருக்கும். திறப்பதற்கான உரிமத்தை அந்தச் சேவையகத்தின் மறைகுறியாக்கச் சாவியால் மட்டுமே கொடுக்க முடியும். நீங்கள் சோதனைக்கு விண்டோஸ் உள்ளகத் தரவுத்தளத்தைத் தெரிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதோடு இரண்டாவது சேவையகத்தைச் சேர்க்க முடியாது. எனவே அந்த ஒரு கணினியின் வன்தட்டுப் பழுதானால் பூட்டியவை பூட்டியபடியே இருக்கும். சோதனைக்கென்று வெறும் மாதிரிக் கோப்புகளை உருவாக்குங்கள். உண்மையான காணிப் பத்திரம் ஒன்றைக்கூட, பிரதிதானே என்று எண்ணி, அதில் பூட்டிப் பார்க்க வேண்டாம்.

இதையும் மீறி ஏதாவது பூட்டப்பட்டுவிடலாம் என்பதால், நம்பகமான வெளியீட்டு டொமைன் என்ற பகுதியிலிருந்து சேவையகத்தின் சாவியை இன்றே ஏற்றுமதி செய்து, நல்ல கடவுச்சொல்லோடு, வேறொரு இடத்தில் வையுங்கள். பின்னர் நிரந்தரச் சேவையகம் வரும்போது அதை அங்கே இறக்குமதி செய்தால், அது பழைய கோப்புகளுக்கும் உரிமம் வழங்கும். பழைய முகவரியைத் தேடும் கணினிகளுக்கு, சேர்விஸ்லொக்கேஷனின் கீழ் லைசென்சிங்ரிடைரெக்ஷன் என்ற உட்சாவியில் பழைய லைசென்சிங் முகவரியைப் பெயராகவும் புதியதைப் பெறுமதியாகவும் எழுதினால் வழி மாறும். நிரந்தரச் சேவையகத்துக்கு, எந்தக் கணினிக்கும் மாற்றிக் கொடுக்கக்கூடிய ஒரு மாற்றுப் பெயரை டிஎன்எஸ்சில் (பெயரைக் கணினி முகவரியாக மாற்றித் தரும் சேவை) வைத்து அதையே முகவரியாகக் கொடுங்கள், ஏனெனில் நிறுவிய பின் அந்த முகவரியை மாற்றுவது பெரும் சிரமம்.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கிளிநொச்சி கணினிப்பிரிவு

தங்கை கூறியது சரி. முல்லைத்தீவின் இரண்டாவது பணியாளருக்கு மின்னஞ்சல் கட்டம் வெறுமையாக இருந்தது. இருவரும் ஒரே அலுவலக முகவரியைப் பாவித்து வந்ததால் முதலாமவருக்கு மட்டும் அது எழுதப்பட்டிருந்தது. தனி முகவரி எழுதி, எம்எஸ்ஐபிசி கோப்புறையை வெறுமையாக்கிய பின் மாதிரிக் கோப்பு இருவருக்கும் திறந்தது.

வவுனியா ஐயாவின் எச்சரிக்கையைப் படித்த பின் என் கணினியில் தேடியபோது, தொடக்கத்தில் பரீட்சித்துப் பார்க்க நானே பூட்டிய உண்மையான கோப்புகள் இரண்டு அகப்பட்டன. இரண்டிலும் பாதுகாப்பை நீக்கிவிட்டேன். சாவியை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைச் சேவையகக் கணினியில் வைக்காமல், நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில் உறுதிகள் இருக்கும் தட்டில் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லைத் தனியாக ஓர் உறையிலிட்டு ஒட்டிப் பணிப்பாளரிடம் கொடுத்தேன். முல்லைத்தீவு மடிக்கணினிக்கான பற்றரி வயருடன் உள்ள வகைதான், அது கிடைத்ததும் நானே போய் மாற்றப் போகிறேன்.